ஐந்தருவியில் என் சம்பந்தி

என் சம்பந்தியை, நாலு பேர் பார்க்க, யாரென்றே தெரியாதவரைப்போல நான் நடத்தினேன். சுற்றி வளைத்துச் சொன்னால் எனக்கு நானே நியாயம் தேடுவதுபோல் ஆகிவிடும். அதனால்தான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

நடந்த இடம் குற்றாலம் ஐந்தருவி. சில வருடங்களுக்கு முன், சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஓர் ஆடி மாதத்து நாள்.

நான் தென்காசிக்காரன். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஒரே மகள். சென்னையில் வேலை பார்த்தபோது கூட வேலை பார்த்த பையனை விரும்பினாள். பையனும் வெளியூரில்லை, குற்றாலத்துப் பையன்தான். படிப்பு, குணம், சம்பாத்தியம் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவனுடைய அப்பா ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். மனைவி இறந்த பிறகு, அந்த வேலை செய்தே பையனை எஞ்ஜினியர் ஆக்கியிருக்கிறார். இதைக் கேட்ட எந்த வாத்தியாரும் பெருமைப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ, ஊருக்கு என்ன சொல்வது என்பதுதான் முதல் கவலையாக இருந்தது.

வேண்டாமென்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு நான் மோசமில்லை என்று காட்டிக்கொள்ள ஆசை. கல்யாணத்தைச் சென்னையில் பதிவு அலுவலகத்தோடு முடித்துக்கொள்ளலாம், வீண் செலவு எதற்கு என்றேன். தென்காசியில் பந்தல் போட்டால் ஊர் வரும். ஊர் வந்தால் சம்பந்தி என்ன செய்கிறார் என்று கேட்கும். அப்படியும் கேட்டவர்களிடம், குற்றாலத்தில் மூலிகை எண்ணெய் பிசினஸ் என்று சொன்னேன். பொய்யில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சாமர்த்தியத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

பதிவு அலுவலகத்தில்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்தார். என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு நாள் வீட்டுக்கு வர வேண்டும், சம்பந்தி விருந்து வைக்க வேண்டும் என்றார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்ததும் இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் கூப்பிட்டு விருந்து வைப்பது வழக்கம். அந்தச் சாப்பாடு முடிந்தால்தான் உறவு ஒட்டியதாகக் கணக்கு. வருகிறோம் என்று தலையாட்டினேன். போகவில்லை. அவரையும் கூப்பிடவில்லை. பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து ஜப்பானுக்குப் போய்விட்டதால் கேட்பாரும் இல்லாமல் போயிற்று.

அந்த ஆடி மாதத்தில், என்னோடு கல்லூரியில் வேலை பார்த்த மூன்று பேர் மதுரையிலிருந்து குளிக்க வந்தார்கள். ஐந்தருவி வேண்டாம், கூட்டமாக இருக்கும், பழைய குற்றாலம் போவோம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அங்கே தண்ணீர் அதிகம் வருகிறதென்று யாரையும் விடவில்லை. மெயினருவியிலும் அதே கதை. கடைசியில் ஐந்தருவிக்குத்தான் போக வேண்டியதாயிற்று. குளிப்பதற்கு முன் எண்ணெய் போட வேண்டுமென்று மூவரும் ஒரே பிடிவாதம்.

கூட்டத்தில் அவரை நான் பார்ப்பதற்கு முன்பே அவர் என்னைப் பார்த்துவிட்டார். சிமென்ட் திண்டில் எண்ணெய்க் குப்பிகளோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து, கைகளை இடுப்புத் துண்டில் துடைக்க ஆரம்பித்தார். கும்பிடுவதற்காகத்தான் துடைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. முகம் மலர்ந்துவிட்டது. வாயைத் திறந்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்பதும் தெரிந்தது. அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“எண்ணெய் போடணும். நாலு பேரு. ஆகுமா?”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற மூவரையும் பார்த்தார்.

“ஆகும் சார். உக்காருங்க” என்றார்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மதுரை நண்பர்களில் ஒருவருக்கு எப்போதும் யாரையாவது சீண்டிக்கொண்டிருக்க வேண்டும். முதுகில் எண்ணெய் வாங்கிக்கொண்டே, பிள்ளைகுட்டி உண்டா என்று அவரிடம் பேச்சுக் கொடுத்தார். ஒரே மகன், ஜப்பானில் வேலை பார்க்கிறான் என்று அவர் சொன்னார்.

“ஜப்பான்லயா? அங்க போயி யாருக்குய்யா எண்ணெய் தேய்க்கிறான்?” என்றார் நண்பர்.

மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நண்பர் அதோடு விடவில்லை. நம்ம புரொபசர் மகளும் ஜப்பானில்தானே இருக்கிறாள், இவர் மகனைப் பார்த்திருப்பாளோ என்று என் பக்கம் திரும்பினார். எனக்கு அந்தச் சாரலிலும் வியர்த்துவிட்டது. நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது, தேய்க்கிற கையை நிறுத்தாமல் அவரே சொன்னார்.

“ஜப்பான் பெரிய ஊருல்லா சார். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியவா செய்யும்?”

என்னைக் காப்பாற்றினார். நான் மறுபடியும் சிரித்தேன்.

என் முறை கடைசியில் வந்தது. முரட்டுத்தனமாகத் தேய்ப்பார், முதுகில் நாலு அறை சேர்த்து விழும் என்று எதிர்பார்த்து உடம்பை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவரோ தலையில் சூடுபறக்கத் தேய்க்காமல், மெதுவாக, வெகு நேரம் எண்ணெய் வைத்தார். நெற்றியில் வழிந்த எண்ணெய் கண்ணில் இறங்காதபடி புருவத்தின் மேல் ஒரு விரலை வைத்துத் தடுத்துக்கொண்டார். மற்ற மூவருக்கும் அப்படிச் செய்ததாக நினைவில்லை. அவர்கள் ஆளாளுக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். எனக்கு மட்டும் ஏன் இந்தக் கவனம்? திட்டுவதற்குப் பதிலா? மன்னித்துவிட்டாரா? ஒன்றும் விளங்காமல் எழுந்துபோய், அருவியின் ஓரத்தில் எண்ணெய் போகிற வரைக்கும் நின்றேன். திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறினேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. மாப்பிள்ளை போனில் பேசும்போதெல்லாம் அப்பா சொல்லியிருப்பாரோ என்று குரலில் தேடுவேன். ஒரு மாற்றமும் இருக்காது. சொல்லவில்லை என்று தெரிந்தபோது நிம்மதி வந்திருக்க வேண்டும். குழப்பம்தான் கூடியது.

பிறகு பேத்தி பிறந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சேர்ந்து வந்தால்தான் ஆயிற்று என்று மகள் டிக்கெட் எடுத்து அனுப்பினாள். நானும் மனைவியும் அவரும் ஒரே விமானத்தில் போனோம். விமான நிலையத்தில் அவர் என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, “வாங்க சார்.”

சம்பந்திகளுக்குள் ‘சார்’ எங்கே வந்தது என்று மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டாள். வாத்தியார் என்கிற மரியாதையாக இருக்கும் என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜப்பானில் பிள்ளைகள் எங்களை மலையடிவாரத்தில் ஒரு வெந்நீர் ஊற்று விடுதிக்குக் கூட்டிப் போனார்கள். பூமிக்குள்ளிருந்து தானாகச் சூடாக வரும் தண்ணீரைத் தொட்டிகளில் விட்டு, அதில் கழுத்துவரை உட்கார்ந்து களைப்பாறுவது அங்கே பெரிய சுகம். குளி, சாப்பிடு, மறுபடி குளி, தூங்கு என்பதைத் தவிர அங்கே வேறு வேலையில்லை. நம் ஊரில் சீசனுக்கு வருகிறவர்கள் அருவியிலும் சாப்பாட்டுக் கடையிலும் மாறி மாறி நிற்கிறார்களே, அதேதான். ஆனால் சத்தம் கிடையாது.

எனக்குத்தான் தலைகால் புரியவில்லை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், நடைக்கு ஒரு செருப்பு, பாய் விரித்த அறைக்குள் வெறுங்கால், கழிவறைக்குத் தனிச் செருப்பு. அந்தக் கழிவறைச் செருப்போடு நான் வரவேற்பறை வரைக்கும் போய்விட்டேன். பேத்தி கைகொட்டிச் சிரித்தாள். சம்பந்தி ஒரு தடவை பார்த்ததுமே எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். அவருக்கு அங்கே இருந்த ஒரே குறை, தண்ணீரில் எண்ணெய் படக்கூடாது என்ற விதி. ஊரிலிருந்து ஒரு குப்பி எண்ணெயைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எண்ணெய் தேய்க்காமல் வெந்நீரில் இறங்குவதெல்லாம் ஒரு குளியலா என்று மகனிடம் முணுமுணுத்தார். கடைசியில் அறையில் துண்டை விரித்துப் பேத்தியைப் படுக்கவைத்து, அவள் காலில் எண்ணெய் நீவிவிட்டார். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, மாமா மாமா என்று அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம் அவள் அப்படிப் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது. பேத்தி அவருக்கு ‘எண்ணெய்த் தாத்தா’ என்று பேர் வைத்துவிட்டாள். நான் வெறும் தாத்தா.

சாயங்காலம் ஆண்கள் மூவரும் குளிக்கப் போனோம். அங்கே துணி ஏதும் உடுத்தாமல்தான் உள்ளே போக வேண்டுமாம். சின்னத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அது எதையும் மறைக்கப் போதாது. வேட்டியோடும் துண்டோடும் அருவியில் நின்று பழகிய நான், கழற்றிய துணியைப் போடக் கூடை வைத்த அறையில் சுவரைப் பார்த்து நின்றேன். இத்தனை காலம் அடுத்தவர் உடம்பைத் தேய்த்தே பிழைத்த மனிதருக்கு அந்தக் கூச்சம் இல்லை.

“வாங்க சார், ஒடம்புதான” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

தொட்டியில் இறங்குமுன் சோப்புப் போட்டுச் சுத்தமாகக் குளித்துவிட வேண்டும். அதற்குக் கண்ணாடி முன் வரிசையாகக் குட்டை முக்காலிகள். மாப்பிள்ளை தன் அப்பாவுக்கு முதுகு தேய்த்துவிட்டான். அங்கே அப்பாவுக்கு மகனும் நண்பனுக்கு நண்பனும் இப்படித் தேய்த்துவிடுவதுண்டு என்று சொல்லிக்கொண்டே தேய்த்தான். பிறகு வெளியே பாறைகளுக்கு நடுவில் இருக்கும் தொட்டிக்குப் போகிறேன், மெதுவாக வாருங்கள் என்று கிளம்பிவிட்டான். நாங்கள் இருவர் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடியில் இரண்டு கிழவர்கள். யார் புரொபசர், யார் எண்ணெய் தேய்க்கிறவர் என்று அதைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

இதுதான் சமயம் என்று தோன்றியது. “சம்பந்தி, திரும்பி உக்காருங்க. நான் தேய்க்கேன்” என்றேன்.

அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அவர் குழாயை மூடினார். கண்ணாடியிலிருந்த என்னைப் பார்த்தே பேசினார்.

“வேண்டாம் சார்.”

அன்றைக்கு ஐந்தருவியில் நான் நடந்துகொண்டது என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

“இங்கன எதுக்கு சார் அதெல்லாம்? இங்கன நம்மள யாருக்குத் தெரியும்? போயி வெந்நியில உக்காருங்க, ஒடம்பு ஆறும்.”

அதட்டலும் இல்லை, வருத்தமும் இல்லை. கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். பெருந்தன்மை என்றும் நினைத்தேன். வேறு என்னவோ என்றும் தோன்றியது. வெந்நீரில் கழுத்துவரை உட்கார்ந்தேன். மூட்டுவலி இருந்த இடம் தெரியவில்லை. எதிரே மலையில் பனிமூட்டம் நம் பொதிகை மலைச் சாரல்போலவே இறங்கிக்கொண்டிருந்தது. உடம்பு இளகியது. மனம் மட்டும் அவர் சொன்னதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

குளித்து முடித்ததும் விடுதியில் கொடுத்த பருத்தி அங்கியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். முன்பக்கம் திறந்த நீள அங்கி. இரண்டு பக்கத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து இடுப்பில் கட்ட வேண்டும். கை வந்தபடி நான் சுற்றிக் கட்டியிருந்தேன். கூடத்து வாசலில் நின்ற நடுவயதுப் பெண் என்னைப் பார்த்ததும் பதறிப்போனாள். குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே என்னை ஓரமாக அழைத்துப்போய், இடுப்புக்கட்டை அவிழ்த்து, அங்கியை மாற்றி மடித்துக் கட்டிவிட்டாள். என்ன தப்பு செய்தேன் என்று தெரியாமல் விழித்தேன். மாப்பிள்ளைதான் விளக்கினான். இடப்பக்கம் மேலே வரும்படிக் கட்ட வேண்டுமாம். வலப்பக்கம் மேலே வரும்படிக் கட்டுவது இறந்துபோனவர்களுக்கு மட்டும்தானாம்.

சம்பந்தி சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடங்கினாற்போல் இருக்கும், என்னைப் பார்த்ததும் மறுபடியும் வந்துவிடும். மகள் பயந்துபோய் என்ன மாமா என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல தாயி. சார் உசுரோடதான் இருக்காருன்னு அந்தம்மா சொல்லுதாங்கள்லா, அதான்” என்றார்.

இதில் இத்தனை சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அவர் என் முன்னால் சிரித்துவிட்டாரே என்று ஒரு சந்தோஷம்.

சாப்பாடு வந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் தாழ்ந்த மேசை, அதில் சின்னச் சின்னக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வாய்க்குக் காணாத அளவு. செப்புச் சாமான் வைத்து விளையாடுகிற மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி. எங்கள் இருவருக்கும் சைவமாகச் செய்யச் சொல்லி மகள் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தாள். சோயாப் பாலில் செய்த வெண்ணெய்போன்ற கட்டி, ஊறுகாய்த் துண்டுகள், காளான் வேகிற ஒரு குட்டிச் சட்டி. அதற்குக் கீழே விளக்குப்போல் நெருப்பு. சம்பந்தி மீனும் முட்டையுமாக எதையும் விடாமல் ருசி பார்த்தார்.

“ஒங்க ரெண்டு பேருக்கும் சம்பந்தி விருந்து பாக்கி இருக்குல்லாப்பா, அதான் இது” என்றாள் மகள். அவள் விளையாட்டாகச் சொன்னாளோ, நெஞ்சில் வைத்திருந்ததைச் சொன்னாளோ.

“விருந்துன்னு சொல்லுத, எலையக் காணுமே” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். வெந்நீரும் சாப்பாடும் அந்தச் சிரிப்புமாக, எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நம்பிவிட்டேன். காலையில் கிளம்பும்போது என் பெட்டியைத் தூக்கப் போனவர், “வழி விடுங்க சார்” என்றார். ஒன்றும் சரியாகவில்லை.

ஊர் திரும்பி வெகுநாள் கழித்து, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அன்னைக்குச் சிரிச்சீயளா?”

“சிரிச்சேன்.”

கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எந்த நண்பருக்குப் பயந்து அப்படிச் செய்தேனோ, அவரைப் போனில் கூப்பிட்டேன். அன்றைக்கு எண்ணெய் தேய்த்தவர் என் சம்பந்தி என்றேன். எந்த எண்ணெய், எப்போது என்று கேட்டார். அவருக்கு ஐந்தருவிக்குப் போனதுதான் நினைவிருந்தது, தேய்த்த ஆளை நினைவில்லை. அதற்கென்ன இப்போது என்றார். போனை வைத்தேன். அப்போதுதான் குளியலறையில் அவர் சொன்னது மெல்ல உறைத்தது. யாருக்கும் தெரியாத ஊரில் முதுகு தேய்த்துவிடுவதில் எனக்கு என்ன நஷ்டம்? மறைத்த இடத்தில்தானே சொல்ல வேண்டும்.

அடுத்த சீசன் தொடங்கியதும் தென்காசியிலிருந்து பஸ் ஏறினேன். ஐந்தருவியில் அவருடைய இடத்தில் குப்பிகள் இருந்தன, ஆள் இல்லை. பக்கத்தில் பெரிய மீசைக்காரர் ஒருவர், யாருக்கோ காலில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர், அண்ணாச்சி சாயா குடிக்கப் போயிருக்காரு, நான் போட்டுவிடுதேன் என்றார்.

எண்ணெய்க்கு வரவில்லை, நான் அவருடைய சம்பந்தி என்றேன்.

மீசைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த திண்டிலிருந்தவரிடம் கேட்டார். “ஏலே, ஜப்பான் அண்ணாச்சிக்கு எத்தன பிள்ளைங்க?”

“ஒரே பயதான.”

என் பக்கம் திரும்பினார். “அவருக்கு ஒரே சம்பந்திதான் சார். காலேஜ் வாத்தியாரு. அவரு தவறி நாளாச்சே.”

எப்போது என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் தேய்த்துக்கொண்டே சொன்னார். சில சீசனுக்கு முந்தி, நல்ல கூட்டமான ஒரு நாள். அண்ணாச்சி யாரோ நாலைந்து பேருக்கு எண்ணெய் போட்டு அனுப்பிவிட்டுச் சட்டென்று எழுந்துபோய் அருவியில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு வந்து உட்கார்ந்தாராம். பிழைப்பு நேரத்தில் அவர்கள் யாரும் குளிப்பதில்லை. என்ன ஏதென்று கேட்டிருக்கிறார்கள்.

“சம்பந்தி தவறிட்டாருன்னாரு. துட்டிக்குப் போகலையா அண்ணாச்சின்னோம். ரொம்ப தூரம்லான்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. அன்னைக்குப் பூரா அதுக்குப் பொறவு ஒரு ஆளுக்கும் அவரு எண்ணெய் போடல.”

துட்டி என்றால் எங்கள் பக்கத்தில் துக்கம் விசாரிக்கப் போவது. சொந்தத்தில் ஒருவர் இறந்த செய்தி வந்தால் உடனே தலைக்குக் குளிப்பதும் வழக்கம். நான் அருவியின் ஒரு ஓரத்தில் எண்ணெய் போகக் குளித்துக்கொண்டிருந்தபோதே இன்னொரு ஓரத்தில் அவர் எனக்காகக் குளித்துக்கொண்டிருந்தாரா, நான் வண்டி ஏறிய பிறகா, தெரியாது. ஜப்பானில் அந்தச் சிரிப்பு ஏன் வந்தது என்பது மட்டும் அந்த நிமிடத்தில் தெரிந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்து என்னை உட்காரவைத்துவிட்டது. இறந்தவரைக் குளிப்பாட்டுவதற்கு முன், உறவுக்காரர்கள் வந்து தலையில் எண்ணெய் வைப்பார்கள். அத்தனை மெதுவாக, கண்ணில் இறங்காமல் விரலால் தடுத்து, என் தலையில் அன்று அவர் வைத்த எண்ணெய் எந்த எண்ணெய்? தொழிலுக்குச் செய்ததா, உறவுக்குச் செய்ததா? கோபமா, துக்கமா? இதை அவரிடம் கேட்க எனக்கு இந்தப் பிறவியில் தைரியம் வராது.

அவர் வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மீசைக்காரர், “அண்ணாச்சி, இவரு ஒங்க சம்பந்தின்னு சொல்லுதாரு” என்றார். நான் எழுந்தேன். அருவிச் சத்தத்தில் மெதுவாகப் பேசினால் கேட்காது. வாழ்நாள் முழுக்க வகுப்பில் கத்திய தொண்டையால் கத்தியே சொன்னேன்.

“சம்பந்தி, அன்னைக்கு ஒங்களத் தெரியாத மாதிரி இருந்தது நான்தான். ஜப்பான்ல இருக்கது ஒங்க மகனும் என் மகளும். இத இவங்க முன்னால சொல்லணும்னுதான் வந்தேன்.”

எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர்களும் போட்டுக்கொண்டவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மீசைக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை.

“அப்ப தவறுனது ஆரு அண்ணாச்சி?”

அவர் குப்பிகளை எடுத்து வரிசையாக வைத்தார். ஒன்றைத் திறந்து மூடினார். பிறகு சொன்னார்.

“இவரு எம் மருமகளுக்கு அப்பா.”

சம்பந்தி என்று சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, “உக்காருங்க. நிக்காதீய” என்றார். அதில் ‘சார்’ இல்லை.

நான் தேய்க்கிறேன், நீங்கள் உட்காருங்கள் என்றேன். எம் பொழப்பக் கெடுக்கவா வந்தீய என்று கேட்டு என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். மற்றவர்களுக்குத் தேய்ப்பதுபோலவே சூடுபறக்கத் தேய்த்தார். முதுகில் நாலு அறையும் விழுந்தது. எண்ணெய் நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கி எரிந்தது. யாரும் விரல் வைத்துத் தடுக்கவில்லை.

குளித்துவிட்டு வந்தபோது நல்ல பசி. கடையில் மிளகாய் பஜ்ஜி வாங்கி இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை தென்காசிக்கு வாருங்கள், வீட்டில் அவள் சமைக்கிறேன் என்கிறாள், அந்த விருந்து இன்னும் பாக்கி இருக்கிறது என்றேன். அவர் பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்தார்.

“தென்காசியா? ரொம்ப தூரம்லா” என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் தட்டைத் தள்ளினார். உதட்டோரத்தில் ஜப்பானில் பார்த்த அந்தச் சிரிப்பின் ஒரு துளி இருந்தது என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஐந்தருவியிலிருந்து தென்காசிக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. அவர் இன்னும் வரவில்லை. சீசன் வந்தால் நான்தான் போகிறேன், வரிசையில் உட்காருகிறேன், ஒவ்வொரு முறையும் விருந்துக்குக் கூப்பிடுகிறேன். ‘சார்’ போய்விட்டது, ‘சம்பந்தி’ வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவருக்கு நான் யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அவர் வைக்கிற எண்ணெய் கண்ணில் இறங்கி எரிகிற அன்றைக்கு, உயிரோடு இருக்கிறவனாக வீடு திரும்புகிறேன்.